மெனிக்கேயின் மாடும் ஆறு போத்தல் வினாகிரியும்

காலையில் ஆய்வுகூடத் தொலைபேசி அடித்தது. பல்லேகலவுக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கடையிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கத்தினார். என் தமிழில் சொன்னால் இதுதான்: "மாத்தயா, மெனிக்கேயின்ர மாடு சாகப்போகுது! தமிழன் யூரியாப் பசளை எண்டு நஞ்சு குடுத்திட்டான் எண்டு சனம் கூடுது!"

அந்தத் தமிழன் நான்தான். நான் யாழ்ப்பாணத்தான், கண்டியில் மண் பரிசோதனை உத்தியோகம். வடக்கில் சண்டை நடந்த காலம். அந்தக் கிராமத்து மெனிக்கே தன் மாட்டுக்காக வளர்த்த நேப்பியர் புல் மஞ்சளித்திருந்ததால் மண் சாம்பிள் எடுத்துப் பார்த்தேன். புளிப்பு மண், நைட்ரஜனும் குறைவு. முதலில் டொலமைட் சுண்ணாம்பு, பிறகு யூரியா என்று எழுதிக் கொடுத்தேன். யூரியா வீசினால் சில கிழமைக்கு மாட்டை அங்கே விடாதே என்றும் படித்துப் படித்துச் சொன்னேன்.

"யூரியா எப்ப வீசினது?" என்று கேட்டேன்.

"எங்க வீசினது? மழை. பை மாட்டுக் கொட்டிலுக்குள்ள கிடக்கு."

அட கடவுளே! மாடு பையைப் பிய்த்து, உப்பென்று நக்கியிருக்கிறது. வயிற்றுக்குள் யூரியா அமோனியாவாக மாறினால் மாடு நடுங்கும், நுரை தள்ளும், வயிறு ஊதும். மிருக வைத்தியரோ நுவரெலியாவில். கைமருந்து ஒன்றுதான்: வினாகிரி என்ற புளிக்காடியும் நிறையக் குளிர்ந்த தண்ணீரும். கடையில் ஆறு போத்தல் வினாகிரி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

ஜீப் சாரதி ராமையா புசல்லாவைத் தோட்டத்துத் தமிழர். "வேணாங்க ஐயா. நேத்துதான் அந்த ஊருக்கு வடக்குச் சண்டையில செத்த ஒரு ஆமிக்காரப் பையன் உடம்பு வந்திருக்கு. ரோடு பூரா சாவுக்கு வெள்ளக்கொடி. இன்னைக்குப் போய் மாட்டிக்கிறதா?"

"போகாட்டி மாடு செத்துப்போகும். செத்தா அவங்கள் எங்களைத் தேடி வருவாங்கள், ராமையா."

துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில்தான் போனேன்.

கொட்டிலைச் சுற்றி இருபது முப்பது பேர். மாடு கால் பரப்பி நடுங்கிக்கொண்டு நின்றது. மெனிக்கே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் போத்தலைத் திறந்ததும் ஒரு நெடியவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"முதல்ல நீ குடி."

குடித்தேன். அரைப் போத்தல். தொண்டை எரிந்து கண்ணால் தண்ணீர் கொட்டியது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! ஆனாலும் மாடு தலையை உதறியதில் போத்தல் மாட்டின் வாய்க்குள் போகவில்லை. நெடியவன் அதைப் பறித்தான்.

"எப்பிடி ஊத்துறது? சொல்லு."

"கடைவாய்ப் பக்கமா. மெதுவா. தலையை நல்லாத் தூக்கக் கூடாது, புரைக்கேறும்."

ஆறு போத்தலும் முடிந்தன. பிறகு கிணற்றுத் தண்ணீர், வாளி வாளியாக. ஒரு மாடு ஏப்பம் விடுவதற்காக அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டதில்லை. மதியம் திரும்பியபின் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. நடுக்கம் குறைந்தது. மெனிக்கே நீட்டிய புல்லை மாடு முகர்ந்து பார்த்தது.

நாங்கள் புறப்பட, நெடியவன் கேளாமலே ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ராமையாவின் முகம் வெளிறியது.

"செத்தது என்ர தம்பி," என்றான் அவன். "நான் முன்னுக்கு இருந்தா ஒருத்தரும் மறிக்கமாட்டாங்கள்."

வெள்ளைக்கொடிகளுக்குக் கீழே போனோம். ஒருவரும் மறிக்கவில்லை. பெரிய ரோட்டில் இறங்கியவன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்: "மாத்தயா, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ."

நான் போகவில்லை. புல் பச்சை பிடித்துவிட்டதாக மெனிக்கே சொல்லியனுப்பினாள்.

இந்த உத்தியோகத்துக்கு வரும் பிள்ளைகளே, மண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறாதீர்கள். யூரியாப் பையை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். கொட்டிலுக்குள் என்றால், நீங்களே தூக்கி வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.