வாயை மட்டும் அசை

எங்கள் வீட்டு வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தால் பல் கூசும். சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டால் சாயங்காலம் வரை சுவர் நடுங்கிக்கொண்டே இருக்கும். அடுக்களைப் பலகையில் கவிழ்த்து வைத்த தம்ளர்கள் ஒன்றையொன்று உரசியபடி தாமாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். அவித்த நெல்லின் புளித்த வாடை சோற்றிலும் பாயிலும் தலைமுடியிலும் ஏறியிருக்கும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் என்பதால் இரண்டு போகம் நெல் வந்தது. அப்பா அந்த மில்லில் அரவை மிஷின் பார்த்தார். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருடைய சாதாரணப் பேச்சே கூப்பாடாகியிருந்தது, அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அம்மாவும் கத்தித்தான் பேசுவாள், தெருக்காரர்கள் எங்களை ‘மைக்செட் வீடு’ என்பார்கள். அதனால்தான் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்கே தெரியாது.

எல்லாரும் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது எதுவும் விளங்காது. மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும், அவர்கள் எப்படியோ ஊகித்து எழுதுகிறார்கள், அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை என்று எண்ணிக்கொள்வேன். ‘கவனமில்லாத கழுதை’ என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயருக்குரிய அடியையும் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புக்குப் போன ஆண்டு, பள்ளிக்கூடத்தில் பகுதி நேரமாக ஒரு பாட்டு டீச்சரை வைத்தார்கள். பெயர் விமலா. திருநெல்வேலி டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, கொஞ்சம் முன்னால் தள்ளிய பற்கள். அந்தப் பற்களாலேயே அவருடைய உதடுகள் ஒவ்வொரு எழுத்துக்கும் நன்றாகத் திறந்து மூடும். எனக்கு அந்த வாயைப் பிடித்துப்போனது. ஹெட்மாஸ்டருக்குப் பாட்டு முக்கியமில்லை. சுதந்திர தினத்துக்குச் சேரன்மகாதேவியில் பள்ளிகளுக்கிடையே தேசபக்திப் பாட்டுப் போட்டி நடக்கும், அதில் எங்கள் பள்ளி ஒரு முறையாவது கோப்பை வாங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். வாங்கிக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்கப் பார்க்கிறேன் என்று டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாராம். இது பல வருடங்களுக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது.

மூன்று பாட்டுகள் சொல்லித்தந்தார். கொடியைப் பற்றி ஒன்று, உழுகிறவனையும் எல்லையில் நிற்கிறவனையும் சேர்த்துப் புகழ்ந்து ஒன்று, யாருக்கும் அர்த்தம் தெரியாத இந்தியில் ஒன்று. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தினமும் ‘காதுப் பாடம்’ நடக்கும். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் பின்னால் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டுவார், தீப்பெட்டியைக் குலுக்குவார், காகிதத்தைக் கிழிப்பார், ஹார்மோனியத்தில் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து அமுக்கி எது மேலே எது கீழே என்பார். தெரிந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். “பாட்டு வாயில இல்ல பிள்ளைகளா, காதுலதான் இருக்கு” என்று அவர் சொல்வதை அந்த உதடுகளிலிருந்து நான் படித்திருக்கிறேன். கண்ணை மூடியதும் எனக்கு உலகம் அணைந்துவிடும். ஹார்மோனியம் மட்டும் தூரத்தில் யாரோ முனகுவது போல வரும். மற்றதெல்லாம் ஒன்றுமில்லை; கனத்த சத்தம் கொஞ்சம் எட்டும், கணகணவென்ற சத்தம் எனக்கு எட்டாது என்பது பின்னால்தான் தெரிந்தது. இமையைக் கொஞ்சமாகத் திறந்து பக்கத்துப் பிள்ளையின் கை எழும்புவதைப் பார்த்து நானும் தூக்கினேன். டீச்சர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “கள்ளக்கண்ணு போடுதியோ?” என்று என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது இந்திப் பாட்டுதான். தமிழ்ப் பாட்டில் உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று சமாளித்துவிடுவேன். தெரியாத மொழியில் ஊகிக்க வழியில்லை. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். நான் ‘பா’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘மா’ என்று முழங்கினேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். தலைப்பு லேசாக அசைந்தது. நான் காத்திருந்தேன். என்னைக் கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொல்லிக் கையால் திருப்பிவிட்டார். ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல், சாக்பீஸ் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எழுந்ததில் காலுக்கடியில் தரை அதிர்ந்தது போலிருக்கவே திரும்பிப் பார்த்தால், மொத்த வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் எனக்கு ஒரு முழத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து வெண்கல மணியை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெட்மாஸ்டர், நமக்கு எதற்கு அந்த வம்பு, அந்தப் பிள்ளையை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று தடுத்தாராம். மீறி வந்தார். அப்பா அப்போதுதான் மில்லிலிருந்து தவிடு படிந்த உடம்போடு வந்திருந்தார். டீச்சர் சொல்லி முடிக்குமுன்பே அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

“எம்பிள்ளையச் செவிடுங்கியளா? நான் கூப்புட்டா ஓடி வாரா. ஏளா சொர்ணம்! இங்கன வா!”

அவர் கத்தியது எனக்குக் கேட்டது. ஓடிப் போய் நின்றேன்.

“பாத்தியளா? பொம்பளப்பிள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்? ஊருக்குள்ள இதப் பேசிக்கிட்டுத் திரியாதிய, சொல்லிட்டேன்.”

“அண்ணாச்சி, நீங்க கத்துதிய. அதான் கேக்கு. பைய ஒரு தடவ கூப்புட்டுப் பாருங்களேன்.”

அப்பா பைய கூப்பிடவில்லை. அவருக்குப் பையப் பேசத் தெரியாது. வாசலைக் காட்டிக் கையை நீட்டினார். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அம்மா கதவருகே நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, அம்மா என்னைப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி கணேசனை இடுப்பில் வைத்திருந்தாள். அவனுக்கு ஒன்றரை வயது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்துக் காதில் கறுப்பாக எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். அந்த அறையில் பக்கத்துப் பிள்ளை யாரும் இல்லை. வெகு நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அம்மாவிடம் பேசியதில் பாதியை அன்றே உதட்டில் படித்தேன், மீதியை அம்மா நான் பெரியவளான பிறகு எழுதிக் காட்டினாள். உள்நரம்பு பழுது, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும், மருந்தில்லை, மெஷின் வைத்தால் கொஞ்ச காலம் உதவும். பிறகு கேட்டிருக்கிறார்: “சொந்தத்துல கட்டிக்கிட்டியளா?”

“என் தாய்மாமன்தான் சார்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவள் இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தார். “இவன் பேசுதானா?”

“ஆம்பளப்பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்னாங்க சார்.”

தம்பியையும் கொண்டுவரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றுப் பாலம் வந்ததும் வழக்கம்போல் கும்பிடவும் இல்லை.

தேதி வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியைத் தரையில் உட்காரவைத்துக் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தாள். அன்று மில்லுக்கு விடுமுறை. சுவர் அசையாமல் இருந்தது. அவனுக்குப் பின்னால் போய்த் தம்ளரைக் கரண்டியால் தட்டினாள். அவன் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். சட்டியைத் தட்டினாள். பிறகு பித்தளைக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டாள். நான் துள்ளி எழுந்தேன். எனக்குக் கேட்டது. தம்பி, உருண்டு வந்த குடத்தைப் பார்த்ததும்தான் சந்தோஷமாகக் கையை நீட்டினான்.

அப்பா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்கே போனீர்கள், யாரைக் கேட்டுப் போனீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. குனிந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மில்லுக்குப் போய், களத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த முதலாளியிடம் மிஷினைப் போட வேண்டும் என்றார்.

“ஏலே, பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கன எதுக்குலே வந்த? பயந்துரும்லே.”

“போடுங்க அண்ணாச்சி.”

முதலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் மெயின் சுவிட்சைப் போட்டார். புதிதாக வேலைக்கு வரும் ஆம்பிளைகள்கூட அந்த மிஷின் முதலில் உறுமும்போது இரண்டடி பின்வாங்குவார்கள். தெருவில் எந்தக் கைக்குழந்தையும் அந்த வாசலைத் தாண்டும்போது வீறிட்டு அழும். அப்பா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு பெல்ட்டுக்கு எதிரே நின்றார். என் நெஞ்சு அதிர்ந்தது. தம்பி சுற்றுகிற பெல்ட்டைக் கண் விரியப் பார்த்தான். பிறகு அதைப் பிடிக்கக் கையை நீட்டிச் சிரித்தான். அப்பா மிஷினை நிறுத்தச் சொல்லவில்லை. முதலாளிதான் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்தை முடித்துவைத்த பெரியவர்கள் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் என்பதால் யார் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் அம்மாவைச் சொன்னார்கள். அம்மா தன் அம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். தம்பியைத் தொட்டிலில் போட்டு அவள் உதடு அசைத்துப் பாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து தொட்டிலை ஆட்டுவதோடு சரி. அப்பா கத்துவதை விட்டார். கத்தியும் பயனில்லாத இடத்தில் எதற்குக் கத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பேசுவதையே விட்டார்.

சுதந்திர தினம் வந்தது. ஹெட்மாஸ்டர் என்னை எடுத்துவிடச் சொன்னார். டீச்சர் எடுக்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள் என்னைத் தனியே அழைத்து, எனக்கு நன்றாகத் தெரியும்படி முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: “நீ வாய மட்டும் அசை. சத்தம் வேண்டாம். சரியா?” அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன். சேரன்மகாதேவி மேடையில், வெள்ளைச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, மூன்று பாட்டுக்கும் வாயை அசைத்தேன். ‘பா’வும் ‘மா’வும் ஒன்றுதான் அங்கே. முன்வரிசையில் யாரோ ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்துத் தாளம் போட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. ஹெட்மாஸ்டருக்கு அது போதவில்லை; அடுத்த ஆண்டு பாட்டு டீச்சர் இல்லை.

எங்கள் வீட்டுப் படியேறி வந்து திட்டு வாங்கியவரும் அவர்தான், என் குரலை வாங்கி வைத்துக்கொண்டவரும் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன் என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடங்கள் ஓடியிருக்கின்றன. அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

ஏழாம் வகுப்புக்குள் எனக்கு மிச்சமிருந்ததும் போய்விட்டது. பாளையங்கோட்டையில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் நானும் தம்பியும் படித்தோம், கையால் பேசக் கற்றோம். அப்பா இறந்து பல வருடங்களாகின்றன. மில்லை இடித்துப் பிளாட் போட்டுவிட்டார்கள். சுவர் இப்போது சும்மா நிற்கிறது. நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகள்தான் அதிகம். அந்த மூன்று பாட்டுகளின் வார்த்தைகள் இந்தி உட்பட எனக்கு நினைவிருக்கின்றன. மெட்டும் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது அந்த மெட்டுத்தானா, இத்தனை காலத்தில் நானே ஏற்றி இறக்கி வேறெதுவோ ஆக்கிவிட்டேனா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை.

தம்பி கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். போன ஆகஸ்டு மாதம் தெருமுனையில் கொடியேற்றி, பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு வந்து, பாட்டு என்றால் எப்படி இருக்கும் என்று கையால் கேட்டான். பேச்சை இழுத்து நீட்டினால், அது படி ஏறி இறங்கினால் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், ‘கேட்பது போனபோது அழுதாயா?’ என்றான். அழுதேன் என்றேன். ‘உனக்குப் போனது. எனக்கு எதுவும் போகவில்லை. அப்புறம் அம்மா ஏன் இன்னும் என்னைப் பார்த்து அழுகிறாள்?’

அவனுக்கு மத்தியான ஷிப்டு, கம்பெனி பஸ் வரும் நேரமாகியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு மணல் லாரி திரும்பியது. லாரிக்காரன் ஹாரன் அடித்திருப்பான். தம்பி நடு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தான். எதிரே வந்த ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டிய பிறகுதான் ஓரத்துக்கு ஒதுங்கினான்.