ஒரே சுவர்

பாம்பன் வீட்டில் சுவரில் மரச்சட்டம் அடிக்க, ஆணியை இறக்கும் நெயில் கன் வாங்கப் போனேன். "இருக்கிறதுலயே பவரானது எது?" என்றேன். கடைக்காரர் தோட்டா போட்டு அடிக்கும் கன் ஒன்றை எடுத்துவைத்து, "கான்கிரீட்டே தாங்காதுண்ணே" என்றார். என்ன சுவர் என்று கேட்கவே இல்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தான். உள்ளே பொந்தாக இருக்கும் ஹாலோ பிளாக். முதல் ஆணியே சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே சாய்ந்து உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன், ஆணியோடு ஓடிவந்தார்.

"ஏலே, நூலெடுக்கக் குனிஞ்சேன், பொழைச்சேன். நிமிந்திருந்தா?"

ஆணியை என் கையில் வைத்தார்.

ஆத்திரத்தோடு கடைக்குப் போய்க் கத்தினேன். "கன் நல்லாத்தானேண்ணே வேலை செஞ்சிருக்கு!" என்று சிரித்தார் கடைக்காரர். அறைந்துவிடலாம் போல இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால், அந்த ஆளுக்கு என் சுவரைத் தெரியாது. அண்ணன் இருமுவதைக்கூட அதே சுவர் வழியாகத் தினமும் கேட்கிற எனக்குமா தெரியாது?

இப்போதும் அண்ணன் அங்கேதான் வலை பின்னுகிறார். சாய்வதற்கு முன்னால் மட்டும் குரல் கொடுக்கிறார்: "தம்பி, இன்னைக்கு ஒண்ணும் அடிக்கலேல்ல?"

அவர் அதைக் கேலியாகக் கேட்பதில்லை.