அசையாத ஆர்டர் படிவம்

ஜீவனஹள்ளி ஜூடித் ஆறு மாதம் வெப் டிசைனிங் படித்துவிட்டு, 2003இல் முதல் வேலையாக ஓஸ்வால்ட் அங்கிளின் கேக் கடைக்கு இணையதளம் செய்தாள். ஆர்டர் எடுக்கும் படிவத்துக்கே ஒரு மாதம் உழைத்தாள். பிறகு இணையதளம் வைக்க இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, எத்தனை எம்.பி. இடம், எத்தனை ஈமெயில் என்று துருவித் துருவிக் கேட்டு, ஒரு வருடப் பிளான் எடுத்தாள்.

தளத்தை அதில் ஏற்றிப் பார்த்தால் மற்ற பக்கங்கள் திறந்தன, படிவம் மட்டும் அசையவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

“மேடம், உங்க ஃபார்ம் விண்டோஸ் சர்வர்லதான் ஓடும். நீங்க எடுத்தது லினக்ஸ் பிளான்.”

“எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க கேக்கலையே மேடம். இனிமே வருஷம் முடிஞ்சாதான் மாத்த முடியும்.”

ரிசீவரை வைத்தவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபமே பெரிதாக இருந்தது. இருபது கேள்வி கேட்டவளுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே.

விஷயத்தைச் சொன்னபோது ஓஸ்வால்ட் அங்கிள் கேக்குக்கு க்ரீம் பூசுவதை நிறுத்தவே இல்லை. “ஃபார்ம எடுத்துட்டு போன் நம்பர பெருசா போடும்மா. எல்லாரும் போன்லதான கேக்கறாங்க?”

அப்படியே செய்தாள். ஆர்டர்கள் வந்தன. அவர் தளத்தை யாருக்காவது காட்டிப் பெருமைப்படும்போதெல்லாம் ஜூடித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.