அம்மாச்சி கொடுத்த இரண்டு ஜெபக்குறிப்புகள்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். ஆனால் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் எனக்குத் தூக்கம் போனது. பிள்ளை தூங்கினாலும் நான் தூங்க மாட்டேன். அழுகை வரும், எதற்கென்று தெரியாது. அவனைக் கையில் வைத்துக்கொண்டே, இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பேன். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று என்னையே வெறுத்தேன். மதுரையில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருவதுதான், மாத்திரையில் சரியாகும் என்றார். என் கணவருக்குத் தெரியும். ராஜபாளையத்தில் மாமியார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பல்வலிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

இன்னொருத்திக்கும் தெரியும். அம்மாச்சிக்கு. நானே சொன்னேன்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனார். அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாச்சிதான் என்னை வளர்த்தாள். அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதன் தட்டில் ஒரு கரண்டி கூடப் போடுவாள். தலைமையாசிரியருக்கே பயப்பட மாட்டாள். எனக்குப் பொதுத்தேர்வு நடந்த நாட்களில் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில், மணி அடிக்கும்வரை முழங்காலில் நின்றாள். எனக்கு மானம் போனது. ஆனாலும் அவள் ஜெபித்தால் நடக்கும் என்று நம்பினேன். அதனால்தான் சொன்னேன்.

"அம்மாச்சி, இது உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்" என்றேன்.

"ஏட்டி, நான் யார்ட்டப் போய்ச் சொல்லப்போறேன்?" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாச்சியின் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். நம் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முடிவில் ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகள் கல்யாணம். அம்மாச்சி எழுந்து நின்றாளாம்.

"எம் பேத்தி எஸ்தருக்கு மனசு சரியில்ல. மதுரையில பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்ட்ட மாத்திரை வாங்கித் திங்கா. பெத்த பிள்ளையவே பிடிக்கலைங்கா. பாரத்தோட ஜெபிச்சிக்கோங்க."

எல்லாரும் பாரத்தோடு ஜெபித்தார்கள். பாரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பாரத்தோடு போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்போது அது ராஜபாளையத்தில் என் மாமியார் காதில் இருந்தது. யாரும் புறம் பேசவில்லை பாருங்கள், எனக்காக ஜெபிக்கத்தான் சொன்னார்கள்!

அன்று மாலையே அத்தை பிள்ளையைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பால் கொடுக்க மட்டும் தருவார்கள்; கொடுத்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நான் குளிப்பாட்டவே கூடாது. "அவ பிள்ளையத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டான்னா என்னய்யா செய்வ?" என்று என் கணவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாச்சிக்குப் போன் செய்து, ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஜெபத்துக்குத்தானட்டி சொன்னேன். ஜெபத்துக்குச் சொல்றதுல என்ன தப்பு?"

அவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. வேறு எவளாவது செய்திருந்தால் தாங்கியிருப்பேன். பெற்ற தாயின் இடத்தில் இருந்தவளே என்னைக் காட்டிக்கொடுத்தாள். போனை வைத்தேன். ஒன்றரை வருடம் பேசவில்லை. அரை மணி நேர பஸ் தூரம்தான். போகவில்லை.

மாத்திரையில் தேறினேன். டாக்டரே நிறுத்தச் சொன்னார். பிள்ளையும் என் கைக்கு வந்தான். மனசு மட்டும் ஆறவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, தப்புன்னு ஒரு வார்த்தை அவள் வாயால் வர வேண்டும்." நல்ல ஜெபம் அல்ல, தெரியும். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

போன லெந்து உபவாச நாட்களில் அம்மாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப்போனது. செய்தி கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை போட்டேன். பேச்சையும் எடுத்துவிட்டீரே, இனி எப்படிச் சொல்லுவாள்?

வீட்டுக்குள் நுழைந்தால், கட்டிலைச் சுற்றி ஜெபக்கூட்டத்துப் பெண்கள். அதே பெண்கள். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவர்களில் மூத்தவர் குனிந்து, "அக்கா, சொகத்துக்கு ஜெபிக்கட்டுமா? வேற எதும் குறிப்பு இருக்கா?" என்று கேட்டார். அம்மாச்சி என்னைப் பார்த்தாள். எச்சில் வழிய, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"எஸ்தரு... என்னய நம்பிச் சொன்னா. அவளக் கேக்காம... கூட்டத்துல போட்டேன். தப்பு. அவ என்னய மன்னிக்கணும்னு... ஜெபிங்க."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "அன்னைக்கு அதக் கொண்டு போனியள்ல... இதையும் கொண்டு போங்க" என்றாள்.

ஒருவரும் தலை நிமிரவில்லை. நான் பிள்ளையை அவளுடைய அசையும் கைப்பக்கம் படுக்க வைத்தேன். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன். கேட்ட வார்த்தையைக் கேட்டபடியே, பேச்சுப் போன வாயிலிருந்து ஆண்டவர் எடுத்துத் தந்தார். அதன் பிறகு பதினோரு நாள் கூடவே இருந்து துடைத்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

முழுசாக மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், சாட்சியில் பொய் எழுத மாட்டேன். நான் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அத்தை வாசலில் வந்து நின்றால், இன்றைக்கும் எல்லாம் திரும்ப வருகிறது. அம்மாச்சி மேல் ஆத்திரம் வருகிறது. அவள் இல்லையே என்று அழுகையும் சேர்ந்து வருகிறது. ஆனால் இப்போது யார் என்னிடம் எதைச் சொன்னாலும் என் முழங்கால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும். உங்களுக்கும் ஒரு மனிதர் செய்தது ஆறாமல் இருந்தால், அந்தக் கோபத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கோபத்தில் செய்த ஜெபத்தையும் அவர் கேட்கிறார். மாத்திரை தேவைப்பட்டால் அதையும் வெட்கப்படாமல் சாப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அம்மாச்சியின் முதல் ஜெபக்குறிப்பு இரண்டே நாளில் ராஜபாளையம் வந்துவிட்டது. கொண்டு போங்கள் என்று சொல்லிக் கொடுத்த இரண்டாவது இன்றுவரை வரவில்லை. ஒருவரும் அத்தைக்கு ஒரு போன் போடவில்லை. இந்தச் சபைப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வரும். அத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பார்கள்.

நானே கொண்டு வந்து சேர்த்துவிட்டேன், அம்மாச்சி.