இடது முழங்காலுக்கு ஒரு சாட்சி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் வரை என் முழங்காலைப் பற்றி நான் வெளியே பேசியதில்லை. வலி இருந்தது. சாயங்காலம் மனைவி எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். அதோடு சரி. அவள் இறந்து, மகளும் சிங்கப்பூரில் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துக்கொண்ட பிறகு, வீட்டில் நானும் அந்த வலியும்தான்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தக் கரையில், உலு திராமில் நான் இருப்பது லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி. ரொட்டி வாங்கக் கீழே இறங்கத்தான் வேண்டுமா என்று கதவருகே நின்று யோசிப்பேன். கோயில் அன்னதானத்தில் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மரியாதையாகத்தான் போட்டார்கள். ஆனால் அங்கே பக்கத்தில் பேச ஆளில்லை. நாளாக ஆகப் போவதையே விட்டுவிட்டேன்.

தொழிற்சாலை ஒன்றில் காவலாளியாக ஜாகா வேலை பார்த்தேன். வாசலில் நின்று நின்று முட்டி வீங்கி, அந்த வேலையும் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பழைய காயம், அங்கிள். உள்ள ஜவ்வு கிழிஞ்சு ரொம்ப காலமாச்சு. எப்ப விழுந்தீங்க?" என்று கேட்டார்.

எப்போது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பகாங் காட்டில் பயிற்சி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மோர்ட்டார் பீரங்கியைத் தாங்கும் இரும்புத் தட்டு என் முதுகில். ஆற்றங்கரைச் சரிவில் கால் வழுக்கி, உடம்பு ஒரு பக்கமும் இடது முட்டி ஒரு பக்கமுமாகத் திரும்பியது. எங்கள் அணியில் இருந்த மலாய் நண்பன் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு லாரி நின்ற இடம் வரை நடந்தான். முகாமில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார்கள்.

முன்னாள் வீரர்களுக்கான ஊன உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். இடதைத் தாங்கித் தாங்கி வலதும் கெட்டுவிட்டதால் இரண்டு முட்டிகளையும் குறிப்பிட்டிருந்தேன். மறுத்துவிட்டார்கள். வயதால் வந்த தேய்மானம், பணியில் ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். முகாமின் பழைய மருத்துவப் பதிவில் அந்த விபத்தே இல்லையாம். அலுவலகத்தில் இருந்த இளம் பெண் குரலைத் தணித்துக்கொண்டு, "ராயுவான் போடலாம், அங்கிள்" என்றாள். மேல்முறையீட்டைத்தான் மலாயில் அப்படிச் சொன்னாள். "அப்ப கூட இருந்தவங்க எழுதிக் கொடுத்தா நல்லது. உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

அவள் கேட்டது சாட்சியைப் பற்றி. எனக்கோ என் காலி வீடு ஞாபகம் வந்தது.

மகளுக்குப் போன் செய்தேன். "விட்டுடுங்கப்பா. நான்தான் மாசாமாசம் அனுப்புறேன்லா?" என்றாள்.

"பணத்துக்கு இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

அவளுக்கு வேலை ஆரம்பிக்கும் நேரம். வைத்துவிட்டாள்.

பழைய ராணுவ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். என்னைத் தூக்கி வந்தவன் பண்டார் தெங்காரா என்ற ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தது. பஸ் மாறிப் போனேன். வழி நெடுகச் செம்பனை எண்ணெய்த் தோட்டம்தான். பஸ் நிறுத்தத்துக்கு அவனே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். என் கால் மடங்கவில்லை என்று பார்த்ததும் வண்டியைச் சாய்த்துப் பிடித்து ஏற்றிக்கொண்டான்.

வீட்டில் உட்கார்ந்ததும் மலாயில் ஆற்றங்கரையைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான். மழை, இரும்புத் தட்டு, அவன் முதுகு, வழியில் "நீ சோத்தைக் குறைக்கணும்டா" என்று அவன் மூச்சு வாங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். யாரோ ஒருவன் கதைக்குச் சிரிப்பது போல இருந்தது.

"ஞாபகம் வரலியே" என்றான். "பரவால்ல, நீ சொன்னா நடந்திருக்கும். எழுதிக்கோ, நான் கையெழுத்துப் போடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். இத்தனை வருஷமாக அந்த நாள் எங்கள் இருவரிடமும் இருப்பதாக நினைத்திருந்தேன். என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

"ஞாபகம் இல்லாதத எழுத வேணாம்" என்றேன்.

அவன் மனைவி அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ கொஞ்ச நாள் முகாம் சமையல்கட்டுல இருந்தியே! கால்ல கட்டோட உக்காந்து வெங்காயம் நறுக்குவ. நாங்க ஓடிட்டு வந்து வரிசையில நிப்போம். எனக்கு மட்டும் ரெண்டு முட்டை வைப்ப!"

"ஏன் வெச்சேன்னு தெரியுமா?"

"தெரியாது. கேட்டா நிறுத்திடுவியோன்னு கேக்கல."

நானும் சிரித்துவிட்டேன். அவன் தன் கையாலேயே எழுதினான். நான் விழுந்ததைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் பகாங் பயிற்சி முடிந்து வந்த பிறகு இடது காலில் கட்டோடு பல வாரம் நான் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்ததைத் தினமும் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் எழுதினான்.

மேல்முறையீட்டு மருத்துவக் குழுவில் ஒரு பெண் டாக்டர் முட்டியை மெதுவாக மடக்கிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைப் படித்தார். "ஓட முடிஞ்ச ஆளைச் சமையல்கட்டுல உக்கார வைக்க மாட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. இடது முட்டி பணியில் ஏற்பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். வலது முட்டியை ஏற்கவில்லை. கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். மாடிக்கு ஏறுகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பெயர் தெரிந்தவர் யாரும் அந்த நேரம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாதேப்பா. அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"கால் வழுக்கிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்."

"எனக்கு முழுசா சொல்லுங்க."

சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் என் முட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், தொடவில்லை. சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் ஆகிவிடும் என்று இருட்டுவதற்குள் கிளம்பினாள். நான் படிக்கட்டு வரை போனேன். அவள் வேகமாக இறங்கிப் போகும் சத்தம் நின்ற பிறகு உள்ளே வந்து, இருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.