மஞ்சக்காணிக்கு ஒரு கையெழுத்து

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்டில் குடியிருந்தபோது, வாரத்தில் இரண்டு சாயங்காலம் பக்கத்துக் கல்லூரியில் அமெரிக்க வரலாறு படித்தேன். ஆசைப்பட்டுப் படித்ததில்லை. வேலைக்குப் போக என் விசாவில் அனுமதி கிடையாது. வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கணவரே சேர்த்துவிட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் சின்ன மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அவரே கொண்டுவிட்டு அவரே கூட்டிவருவார்.

ஒருநாள், இந்த நாட்டின் ஆரம்பகாலச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்கு என்ன இருந்தது என்று ஆசிரியை பாடம் நடத்தினார். ஒன்றுமே இல்லை என்பதுதான் பாடம். மோதிரம் மாட்டிய நிமிஷத்திலிருந்து அவள் பணம், நகை, மாடு, உழைத்த கூலி எல்லாம் புருஷனுடையது. பெற்ற பிள்ளைகள்கூட அவன் சொல்படிதான். பிறந்த வீட்டு நிலம் மட்டும் பேருக்கு அவளுடையது, அதன் விளைச்சல் அவனுக்கு. அதை விற்கும்போதுதான் அவள் கையெழுத்து தேவைப்படும். அப்போது நீதிபதி புருஷனை வெளியே அனுப்பிவிட்டு, யாருக்கும் பயப்படாமல் மனசாரச் சம்மதிக்கிறாயா என்று அவளைத் தனியாகக் கேட்பாராம்.

யாராவது இல்லை என்று சொன்னார்களா என்று கேட்டேன். ரொம்ப அபூர்வம் என்றார் ஆசிரியை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள் என்று அந்தப் பெண்கள் மேல்தான் கோபப்பட்டேன்.

காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப லேடீஸ்தான் எங்க எல்லாரையும் கன்ட்ரோல் பண்றீங்க" என்று சிரித்தார்.

அடுத்த மாதமே வீடு வாங்கும் பேச்சு வந்தது. முன்பணம் போதவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் மஞ்சக்காணி இருந்தது. மஞ்சள் குங்குமத்துக்குக்கூட மகள் இன்னொருத்தர் கையைப் பார்த்து நிற்கக்கூடாது என்று கல்யாணத்தில் அப்பா எழுதிவைத்த வயல். இந்த உலகத்தில் என் பேரில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

"பவர் மட்டும் எழுதிக்குடு. ஊர்ல எங்கண்ணன் வித்து முடிச்சுடுவாரு."

"வீட்ல என் பேரையும் போடுவீங்களா?"

"இங்க கடன் வாங்கிக் கட்டின கிரெடிட் ஹிஸ்டரியே உனக்கு இல்லையே, லோன் எப்படி அப்ரூவ் ஆகும்? அப்புறம் ஆட் பண்ணிக்கலாம். நம்ம வீட்டுல என்னது உன்னதுன்னு என்ன பேச்சு?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யே பெண்டாட்டியுடையது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம்.

பேங்கிலேயே இருந்த நோட்டரி ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள். பத்திரத்தைப் படித்துவிட்டு, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று என் கணவரை அனுப்பிவிட்டார். பெண்கள் சொத்து விஷயத்தில் இது தன் வழக்கம் என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கணவர் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"உங்கள் சொந்த விருப்பத்தில்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா?"

வகுப்பில் கேட்ட அதே கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் முத்திரை குத்தமாட்டார். சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டு யாருடைய காரில் ஏறுவது? யாருடைய விசாவில் இருப்பது? இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? யெஸ் என்றேன். அதையும் சிரித்த முகத்தோடு சொன்னேன்.

"தனியா என்ன கேட்டா?" என்றார் கணவர், காரில்.

"ஒண்ணுமில்ல. பேரு கேட்டா."

வயலை அப்பாவின் பங்காளி ஒருவரே வாங்கிக்கொண்டார். நீ இஷ்டப்பட்டுத்தானே கொடுத்தாய் என்று அப்பா ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தார். ஆமாம் அப்பா என்று அவருக்கும் எழுதினேன்.

வீட்டுப் பத்திரம் முடிகிற அன்று காலையில் பட்டுப்புடவை கட்டி, மகளுக்குப் புது கவுன் போட்டுக் கிளம்பி நின்றேன்.

"நீ எதுக்கும்மா அலையற? இதுக்கு உன் கையெழுத்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார்.