டீசலுக்குச் செவ்வரளி

2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, ஆனால் மழை இல்லை. வத்தல்மலை இடுப்புக்கு மேல் மேகத்துக்குள் மறைந்திருந்தது. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில், வெள்ளை டீசல் கார் ஒன்றின் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தேன். பானெட் சூடாக இருந்தது.

எட்டு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். வேண்டுமென்றே முன்னால் போனேன். டீசல் இன்ஜின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்து, காலையில் முதல் சாவிக்கு எப்படிப் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். ஒரு தடவை ஓட்டிச் சூடேற்றிவிட்டால் எந்த இன்ஜினும் நல்ல பிள்ளையாகிவிடும்.

"இத யாருப்பா ஓட்டுனது?" என்று கேட்டேன்.

"செட்டுலருந்து எடுத்து வெளிய நிறுத்துனோங்க சார். தூசி தட்ட வேணாங்களா?" என்றார் கடைக்காரர்.

"தூசி தட்டறதுக்கு இன்ஜின் எதுக்கு ஓடணும்?"

அவர் சிரித்தார். சிரிப்பைப் பதிலாக வைக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். உரமூட்டைக் கையிருப்பு எங்கே என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு டீ சொல்வார்கள். இவரும் டீ சொன்னார்.

பக்கத்திலேயே அதே மாடல், அதே வெள்ளை, பெட்ரோல் வண்டி ஒன்று நின்றது. பேரம் பேசி முடித்த விலை, பெட்ரோலுக்கு ஐந்து லட்சத்துப் பத்தாயிரம், டீசலுக்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம். அதிகப் பணம் வருகிற வண்டியை விட்டுவிட்டு, "உங்க வயசுக்குப் பெட்ரோலே போதுங்க சார், சத்தம் இருக்காது" என்று அவர் பெட்ரோலையே தள்ளிக்கொண்டிருந்தார். வியாபாரி தனக்கு நஷ்டமாக ஒன்றைச் சொன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். டீசலின் மீட்டர் 48,210 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதிக்கு மட்டும் புது ரப்பர் போட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டாயிரத்தில் யாருடைய காலும் மிதி ரப்பரைத் தேய்த்துவிடாது. பெட்ரோலின் ஸ்டெப்னி டயரில் வேறு கம்பெனிப் பெயர் இருந்தது. இரண்டிலும் ஏதோ இருந்தது. எதில் எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு இந்த வயதில் கார் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் டயாலிசிஸ். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. முதல் நான்கு மாதம் பஸ்ஸில் போனோம். ஒரு வெள்ளிக்கிழமை, சேலத்திலிருந்து திரும்பும்போது, பஸ் படிக்கட்டிலேயே அவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து வாடகைக் கார், ஒரு நடைக்கு இரண்டாயிரத்து முந்நூறு. வாரத்துக்கு நாலாயிரத்து அறுநூறு. இது ஓய்வூதியத்தில் நிற்கிற செலவு இல்லை. கார் ஓட்ட எனக்குத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. ஆகவே பழைய கார் ஒன்று. பெட்ரோலா டீசலா என்பது மட்டும் பாக்கி.

டீசல்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் மச்சினர், மனைவியின் தம்பி. அரூரில் நெல், மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். அந்தக் கார் கடைக்காரரை எனக்குக் காட்டியவரே அவர்தான். அதுவே எனக்கு உறுத்தல். தம்பி டீசல் என்கிறார், கடைக்காரர் பெட்ரோல் என்கிறார். இருவரும் சிநேகிதர்கள். இரண்டு பேரும் எனக்கு எதிரில் சண்டை போட்டுவிட்டுப் பின்னால் பங்கு பிரித்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தேன். அப்படிப்பட்ட சங்கச் செயலாளர்களையும் தலைவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் மச்சினர் போன் செய்தார். நான் கூடத்தில் நின்று பேசினேன். மனைவி சமையலறையில் உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொட்டாசியம் ஆகாது, அப்படித்தான் சமைக்க வேண்டும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு.

"என்ன மாமா, முடிச்சிட்டீங்களா?"

"பானெட்டு சூடா இருந்துச்சு மாப்ள."

"வெயில்ல நின்னிருக்கும்."

"ஆறே முக்காலுக்கு ஏது வெயிலு? வானமே மூடிக் கெடந்துச்சு."

"உங்களுக்கு வண்டி விக்கறவன் அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்க மாட்டான் மாமா. சேலத்துக்கு வாரம் ரெண்டு நட ஓட்டறவங்க பெட்ரோல் வண்டி வாங்கினா ஊரே சிரிக்கும். டீசல எடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கணக்கு தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார். போட்டு வைத்திருந்த கணக்கைச் சொன்னேன். பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும், டீசல் இருபத்தொன்று. இன்றைய விலைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தொண்ணூற்று நான்கு காசு மிச்சம். ஆண்டுக்கு நூற்று நான்கு நடை, பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது கிலோமீட்டர். மிச்சம் இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். டீசலுக்கு சர்வீஸும் இன்சூரன்ஸும் அதிகம், அதில் நாலாயிரத்து இருநூறு போகும். நிகரம் இருபதாயிரம். விலை வித்தியாசம் ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

"ஆறரை வருசம் ஓட்டினாத்தான் மாப்ள டீசலுக்குக் குடுத்த காசு திரும்பும்."

"சரி, ஓட்டுங்க."

"நான் மூணு வருசத்துக்குத்தான் கணக்குப் போட்டிருக்கேன். மூணு வருசத்துக்கு டீசல் கட்டுபடியாகாது."

"அக்கா பக்கத்துல இருக்குதா மாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் சமையலறையில் கத்திச் சத்தம் நின்றுபோயிருப்பது எனக்கும் கேட்டது.

மூன்று என்ற எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்குப் போன முதல் நாள், சேலம் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் பதினாலு பேர். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தலைகளை எண்ணுவது என் பழக்கம். ஓர் ஆண்டில் அது ஒன்பதாகியிருந்தது. புதிதாக வந்தவர்களைச் சேர்க்காமல் சொல்கிறேன். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

அவள் சாப்பாடு போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று நான் அளந்து வைக்கிற பாட்டிலிலிருந்து இரண்டு வாய் குடித்தாள். சாயந்திரம்தான் சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு பேரும் ரெண்டு சொன்னா எப்படி முடியும்? முனியப்பன்கிட்ட பூ கேட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, முடிவு எடுக்க முடியாதபோது இப்படிச் செய்வார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் சுற்றி நூல் கட்டி, சாமி காலடியில் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகு ஒன்றை எடுப்பார்கள். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காததைப் பிரிக்காமல் சாமியிடமே விட்டுவிட வேண்டும். வெள்ளை பெட்ரோல், சிவப்பு டீசல் என்று முடிவாயிற்று.

எனக்கு இதில் நம்பிக்கை பாதி. ஆனாலும் நடைமுறை சரியாக இருக்க வேண்டும் என்பதில் முழு நம்பிக்கை. மல்லிகையும் செம்பருத்தியும் கூடாது, தொட்டாலே தெரிந்துவிடும் என்றேன். வெள்ளரளியும் செவ்வரளியும், ஒவ்வொன்றிலும் ஐந்து பூ, ஒரே அளவு வாழையிலை, ஒரே நூல். பூசாரி எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவருடைய மகன் டீசல் டெம்போ ஓட்டுகிறான்.

"அதுக்கும் சாமிக்கும் என்னங்க?"

"சாமிக்கு இல்ல. பூசாரிக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் போனோம். பொட்டலங்களை அவளே வீட்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கற்பூரம் அணைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு. ஐந்து செவ்வரளி. "டீசலுங்க. முனியப்பன் சொல்லிட்டாரு" என்றார் பூசாரி. அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நான் அதையும் கவனித்தேன்.

அவள் குனிந்து விபூதி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கணக்கையும் நான் முடித்ததில்லை.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை, பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நூலை அவிழ்த்தேன். அதிலும் செவ்வரளி. ஐந்து.

முதலில் எனக்குத் தோன்றியது மச்சினர்தான்.

"உன் தம்பி சொல்லிக் குடுத்தானா?"

"அவனுக்குத் தெரியாது."

"அப்ப கடக்காரன்? அவன் எவ்வளவு தரேன்னான்?"

"ஆமா, முனியப்பனுக்குப் பாதி, எனக்குப் பாதி." அவள் சிரிக்கவில்லை. "எடுக்காத பூவ யாராவது பிரிப்பாங்களா? சாமியவே ஆடிட் பண்ற ஆளு நீங்க ஒருத்தருதாங்க."

"எதுக்கு இப்படிப் பண்ணுன? டீசல் வேணும்னா கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா மறுபடியும் கணக்குச் சொல்லுவீங்க." ஒரு லாரி கடந்து போனது. "நீங்க மூணு வருசம் போட்டீங்க. நான் ஏழு போட்டேன். அவ்வளவுதான்."

கோயிலில் பிரித்த ஐந்தையும் பையிலிருந்து எடுத்து இந்த ஐந்தோடு சேர்த்தேன். கையில் பத்துச் செவ்வரளி இருந்தது.

"அங்க பதினாலு பேர்ல ஒம்போதுன்னு நீங்க எண்ணுனது எனக்குத் தெரியும். உதடு அசையும் உங்களுக்கு. அந்த மூக்குத்தி போட்ட அம்மா மக வூட்டுக்கு மெட்ராஸ் போயிருச்சு. கண்ணாடி போட்டவருக்கு அவரு தம்பி கிட்னி குடுத்துட்டாரு, நல்லாத்தான் இருக்காரு. நான்தான் அவங்ககிட்டெல்லாம் பேசிட்டு இருக்கறவ. நீங்க தலைய மட்டும் எண்ணுவீங்க. மிச்சம் மூணு பேருதான் போய்ச் சேந்தாங்க." பிறகு என் தோளைத் தட்டினாள். "வண்டிய எடுங்க. வெயில் ஏறுது. தண்ணி கேட்டா பாட்டில்ல கோடு பாப்பீங்க."

திரும்பி வரும்போது நான் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினேன். தணிக்கையில் இதற்குக் கையிருப்புச் சரிபார்ப்பு என்று பெயர். மூட்டையை எண்ணினால் போதாது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான்.

வியாழக்கிழமை டீசல் காரை வாங்கினோம். அன்றும் ஆறரைக்கே போனேன். இந்த முறை பானெட் குளிர்ந்திருந்தது. முதல் சாவிக்கே பிடித்தது, கொஞ்சம் கறுப்புப் புகை விட்டது. இன்ஜெக்டர் வேலை இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். அவர் சொன்னது மெய்யா, அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சினர் கமிஷன் வாங்கினாரா என்பதும் தெரியாது. அந்த வருடத் தீபாவளிக்கு அவர் அக்காவுக்கு எடுத்து வந்த பட்டுப்புடவையின் விலையை மட்டும் கடையில் விசாரித்தேன். சந்தேகப்படும்படி இல்லை, சந்தேகப்படாதபடியும் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். கிளம்பும்போது ஒரு தடவையும் வீட்டு வாசலில் நின்றதும் ஒரு தடவையும் மீட்டரை எட்டிப் பார்க்கிறாள். வாங்கின புதிதில் ஒருநாள், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கேட்டாள்.

"எந்த நம்பர் வந்தா போட்ட காசு திரும்பும்?"

"ஒரு லட்சத்து இருபத்தொம்பதாயிரத்து முந்நூத்தி முப்பது."

"அத ஒரு தடவ பாத்துரணும்" என்றாள். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வாரம் மீட்டர் எண்பதாயிரத்தைத் தாண்டியது. டீசல் வண்டிகளை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று டிவியில் யாராவது சொன்னால் எழுந்து போய்ச் சேனலை மாற்றிவிடுகிறாள். மீட்டரை யாரோ முன்பே பின்னால் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்ற என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியது வாங்கிய நாளிலிருந்து ஓடிய தூரம்தான், அது சரியாக இருக்கிறது.

வண்டி வாங்கியபோது ஆன செலவு: வண்டி ஆறு லட்சத்து நாற்பதாயிரம். இன்ஜெக்டர் வேலை பதினோராயிரத்து நானூறு. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் பதினாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. முன் டயர் இரண்டு, ஒன்பதாயிரத்து இருநூறு. முதல் டீசல் நாற்பது லிட்டர், மூவாயிரத்து எண்ணூறு. மாலை, தேங்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நான்கு, முனியப்பனுக்குத் தட்டில் போட்டது உட்பட இருநூற்று எழுபது. செவ்வரளி பத்தும் வீட்டு வேலியில் பறித்தது, செலவு இல்லை. ஆக மொத்தம் ஆறு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய்.